அபராதம் கட்டாத வீடு

அன்று காலை அங்கே ஆறு பேர் இருந்தோம். கட்டிலில் என் மனைவி. அவள் தலைமாட்டில் மருமகள். ஜன்னலோரம் என் மகன். மனைவியின் தம்பி, வழக்கம்போல் ஓரிடத்தில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தான். அறைக்கு வெளியே நடையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஆறாவது ஆள் நான். எங்கே இருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மருமகள் போட்ட காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் காபி நன்றாகப் போடுவாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் நகரசபைக் குடிநீர்ப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன். தாமதமாகக் கட்டுகிறவர்களுக்கு அபராத நோட்டீஸ் அனுப்புவது என் வேலை. அழுதுகொண்டு வருவார்கள், சண்டைக்கு வருவார்கள், கடைசியில் கட்டுவார்கள். கட்டிய அன்றே பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘தவறியவர்’ என்று எழுதுவேன். எழுதியதை அழிக்க விதி கிடையாது. என் பெயருக்கோ என் அப்பா பெயருக்கோ எதிரே அப்படி ஒரு சொல் எந்த அலுவலகத்திலும் ஏறியதில்லை.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு நான்கு வருடம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செலவு காப்பீட்டில் போயிற்று. காப்பீட்டுத் தவணை மாதாமாதம் என் வங்கி அட்டையிலிருந்து தானாகவே போய்விடும். இந்த வருடம் வங்கி அட்டையை மாற்றிக் கொடுத்தது. புது எண்ணைக் கேட்டுக் காப்பீட்டு அலுவலகம் மூன்று கடிதம் போட்டிருக்கிறது. மூன்றிலும் உறைமேல் என் அப்பா பெயருக்குப் பதில் வேறு யாரோ ஒருவர் பெயர். தகப்பன் பெயர் மாறி வந்த கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் வாங்க மாட்டோம். நானும் வாங்கவில்லை. ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில், காப்பீடு நின்றுவிட்டது என்றார்கள். அபராதத்தோடு கட்டினால் உடனே உயிர்ப்பித்துவிடலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளைத் தள்ளினாள். அதில் ஒரு வரி: ‘என் கவனக்குறைவால் தவணை தவறியது.’

மகன் பேனாவை நீட்டினான். “கையெழுத்துதானேப்பா. போட்டுடுங்க. அம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாங்க?”

“யாரோட கவனக்குறைவு?” என்று கேட்டேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். நல்ல பிள்ளை. மனைவியை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றே ஆட்சேபணை மனு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். கைக்காசு கொடுத்து வேறு இடத்தில் பார்க்கலாம் என்றான் மகன். அப்படிச் செய்தால் தவறியது நாம்தான் என்று நாமே ஒத்துக்கொண்டதாகும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான்.

நான்காம் நாள் மச்சினன் வந்து என் கோப்பைக் கையில் எடுத்து எடை பார்த்தான். “அத்தான், உங்க ஃபைலும் தடிச்சுக்கிட்டே போகுது, அக்கா காலும் தடிச்சுக்கிட்டே போகுது. எது முதல்ல வெடிக்கும்னு பாக்கறீங்களா?”

அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். நான் பொருட்படுத்துவதில்லை.

மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள். “என்னங்க, படுத்தா மூச்சு வாங்குது.”

“ரெண்டு நாள் பொறுத்துக்கோ. ஜெயிச்சிடுவோம்.”

“நான் எங்கேங்க கேஸு போட்டேன்?” என்று சிரித்தாள். தலையணைகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் பதில் வந்தது. இந்த முறை அப்பா பெயர் சரியாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன். ‘நல்லெண்ண அடிப்படையில்’ அபராதத்தைத் தள்ளுபடி செய்கிறார்களாம். கீழே கையெழுத்திட்டுக் காட்டினால் அன்றே சிகிச்சையைத் தொடங்கலாம். இரண்டு தடவை படித்தேன். தவறு செய்தவனிடம்தான் நல்லெண்ணம் காட்டுவார்கள். அவர்கள் என்னை மன்னித்திருந்தார்கள். மன்னிக்க அவர்கள் யார்? அந்த இரண்டு சொற்களையும் நீக்கி, தவறு தங்களுடையது என்று எழுதித் தரும்படி மறுகடிதம் போட்டேன். வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தள்ளுபடி என்றதுமே சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் காலை மச்சினன் என்னைக் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூட்டிவந்தான்.

“பெரியவரே, வழி விடுங்க. அம்மா உதடு நீலம் பூத்துப் போச்சு” என்றார் ஓட்டுநர்.

மனு பரிசீலனையில் இருக்கிறது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அதுவரை என் முன்னால் குரல் உயர்த்தாத மருமகள், “மாமா, உங்க கால்ல விழறேன்” என்றாள். விழுந்தாள். எழுந்திரம்மா என்றேன். மச்சினன் என் தோளைப் பிடித்து இழுத்தான். அப்போது மகன் ஜன்னலை விட்டு வந்து, மாமனுடைய கையைப் பிடித்து என் தோளிலிருந்து எடுத்துவிட்டான். அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் எடுத்துவிட்டான். அப்படி வளர்த்திருக்கிறேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் அவசரம் இல்லை.

துவைக்க எடுத்த சட்டையில் மருமகள் கடிதத்தைப் பார்த்து, உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நான் அறைக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பூட்டி வைத்ததில்லை. கதவு முழுக்கத் திறந்தே இருந்தது. நிலைப்படியில் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.