கிணத்து மெஷினும் என்ர மகனும்

இல்லைத் தம்பி, அந்தப் பெட்டியை வைச்சிட்டு முதல் இதைக் கேளுங்கோ. எனக்கு இந்தக் கதையை முதன்முதல் சொன்னது என்ர மகன் றமேஷ்தான், கண்டியில பூமி நடுக்கம் ஆராயிறவன். போன வருசம், மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த கிழமை. "அம்மா, எங்கயோ பூமி நடுங்கினாலும் எங்கட கிணத்துத் தண்ணிக்கு விளங்கும்" எண்டான். இந்தக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக் கிணத்துக்கு! சுமாத்திராவில பெரிசா நடுங்கினா, இஞ்ச தண்ணி ஒரு நூல் அளவு ஏறி இறங்குமாம். முப்பது வருசமா அதில உடுப்புத் தோய்ச்ச எனக்கு அது ஒருநாளும் சொல்லேல்ல பாருங்கோ. படிச்ச ஆக்கள் வந்தாத்தான் வாய் திறக்குமாக்கும்.

பிறகென்ன... மெழுகுதிரி மாதிரி ஒரு மெஷினை வயரில கட்டி உள்ளுக்க இறக்கினான். நிமிசத்துக்கு நிமிசம் தண்ணி மட்டத்தை எழுதிக்கொண்டே இருக்குமாம். நித்திரையும் இல்லை, பாவம். என்ர முழங்கால் நடுங்கிறதை எழுத மட்டும் ஒரு மெஷினும் வரேல்ல.

அந்த நாளில இருந்து கிணத்துக்கு மூடி, மூடிக்குப் பூட்டு. வாளி விடக்கூடாது, மோட்டர் போடக்கூடாது. பக்கத்து வீட்டு றஞ்சிதம், "என்னக்கா, உள்ளுக்கத் தங்கமோ?" எண்டு கேக்கிறா. ஓம், தங்கம்தான்! மழைக்கும் தண்ணி ஏறுமாம், துறைமுகப் பக்கம் கடல் ஏறினாலும் ஏறுமாம். அதெல்லாத்தையும் கழிச்சுப்போட்டு மிஞ்சுறதைத்தான் பாக்கினமாம். "அப்ப நடுங்க முதலே சொல்லுமோ?" எண்டு கேட்டன். "அதைத்தானம்மா ஆராயிறம், இன்னும் தெரியாது" எண்டான். நல்லது. அது தெரியுமட்டும் நான் வாளியோட பைப்படியில காவல்.

ஐயோ, அந்தப் பெட்டியை இப்ப திறக்காதேங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது. நப்ரீஸ் எண்டுதானே பேர்? சீனி காணுமோ?

முந்தி அவன் கண்டியில இருந்து நத்தாருக்கு வருவான், உயிர்த்த ஞாயிறுக்கு வருவான், அவ்வளவுதான். மெஷின் வந்தாப்பிறகு மாசக் கடைசிச் சனி தவறேல்ல. உள்ளுக்க எழுதினதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கோணுமாம். வந்த உடன கிணத்தடிக்குத்தான் ஓட்டம். மெஷினைத்தான் முதல் சுகம் கேப்பான், பெத்தவள் குசினியில நிண்டு பாத்துக்கொண்டிருப்பன். ஆனா பிறகு இருந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிடுவான். பாயில கொஞ்சம் சரிஞ்சு எழும்புவான். குறட்டையும் விடுவான்.

போன மாசம்... என்ர வாய் சும்மா கிடந்துதோ? "நீ என்னைப் பாக்கவோ வாறாய்? இந்த மெஷின் தானாக் கதைச்சா, நீ கொழும்புப் பக்கம் தலையும் காட்டமாட்டாய்" எண்டன். பகிடிக்குத் தம்பி, பகிடிக்கு! அவன் சாப்பிட்ட கையோட இருந்து யோசிச்சான். "அதுவும் நல்ல யோசனைதானம்மா, உங்களுக்கும் சமைக்கிற கரைச்சல் இல்லை" எண்டான்.

இண்டைக்கு நீங்கள் சிம் போட்ட பெட்டியோட வந்து நிக்கிறீங்கள். இனித் தண்ணிக் கணக்கெல்லாம் தன்ர பாட்டில கண்டிக்குப் போயிடும். கெட்டிக்காரி நான், என்ன?

செபமாலை சொல்லேக்க, ஒரு சின்னப் பொய் சொல்லலாமோ எண்டு மாதாவிட்டக் கேட்டுப் பாத்தன். பொய் பாவம்தான், எனக்குத் தெரியும். அதை நான் வெள்ளிக்கிழமை பாதரிட்டச் சொல்லிக்கொள்ளுறன், உங்களில வராது. இந்த மதிலுக்குள்ள சிக்னல் சரியா இல்லை எண்டு மட்டும் அவனிட்டச் சொல்லிவிடுங்கோ, தம்பி.