மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல

அமுக்கு, தாராளமா அமுக்கு. நான் ஒண்ணும் தடுக்கலையே. செவப்பு பட்டன் அவசரத்துக்குத்தான வெச்சிருக்காங்க. அமுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னுதான் சொன்னேன். நீ நாலாவது மாடி சைக்காலஜி லேப்புக்குத்தான போற? பதினோரு மணி இன்டர்வியூக்கு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, நெஞ்சோட கட்டிப் புடிச்ச ஃபைல், உதடு பாட்டுக்கு எதையோ மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கு. நானும் அந்த லேப்தாம்மா. மூணு வருஷமா ரிசர்ச் அசிஸ்டன்ட். இப்ப கடைசி வருஷம். அக்கான்னே கூப்பிடு, பரவால்ல.

மணி பத்து அம்பதுதான் ஆகுது. லிஃப்ட் நின்னு ரெண்டு நிமிஷம் இருக்குமா? காத்து வருது, லைட் எரியுது, ஒண்ணும் ஆயிடாது. கீழ உக்காரு. சட்டை அழுக்காவாது, காலையிலதான் தொடச்சாங்க.

தெரியும்மா, ஒரே ஒரு இடம்தான், ரெண்டு பேரக் கூப்பிட்டிருக்காங்க. உன்னையும் இன்னொரு பொண்ணையும். லேட்டா போனா போச்சுங்கறதும் தெரியும். இந்த வேலை கெடச்சா மூணு வருஷம் கழிச்சு புரொஃபசர் ஒரு லெட்டர் தருவாங்க, அந்த லெட்டர் இருந்தாத்தான் மேல படிக்கப் போற எடத்துல நம்மள ஏறெடுத்துப் பாப்பாங்க. அதனாலதான் சொல்றேன், ஆழம் தெரியாம கால விடாத. எங்க லேப்புல எது நெஜமா நடக்குது, எது பரிசோதனைக்காக நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாது.

சிரிக்காத. மொத வருஷம் எனக்கு என்ன வேலை தெரியுமா? பேனாவக் கீழ போடறது. வெயிட்டிங் ரூம்ல ஆராய்ச்சிக்கு வந்தவங்களோட வந்தவளா நானும் உக்காந்துக்கணும். மூணாவது நிமிஷம் பேனாவ நழுவ விடணும். யாரு எடுத்துத் தர்றாங்க, எத்தன செகண்டுல தர்றாங்கன்னு மனசுக்குள்ளயே எண்ணணும். இருநூத்திப் பதினாலு தடவ போட்டேன். ஒரு அம்மா ஏழு தடவ வந்தாங்க, ஏழு தடவயும் எடுத்துக் குடுத்தாங்க. கடைசி தடவ என் கையப் புடிச்சு, கண்ணு, நரம்பு டாக்டர் ஒருத்தர எனக்குத் தெரியும், கூட்டிட்டுப் போறேன் வாம்மான்னு அழுதுட்டாங்க. உண்மையச் சொல்லக் கூடாதுன்னு ரூல். நானும் சரிங்கம்மான்னு டாக்டர் நம்பர எழுதி வாங்கிக்கிட்டேன். இன்னிக்கும் வீட்ல எங்கம்மா கரண்டியத் தவற விட்டா நான் குனிய மாட்டேன், கடிகாரத்தத்தான் பாப்பேன். வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சமில்ல.

ரெண்டாவது வருஷம் சிரிப்பு. முந்நூறு பேரு சிரிக்கிற வீடியோவ ஒண்ணொண்ணாப் பாத்து, எது மனசாரச் சிரிப்பு, எது ஒப்புக்குச் சிரிப்புன்னு மார்க் போடணும். கண்ணோரம் சுருக்கம் விழணும், அதான் கணக்கு. ஆறு மாசம் பாத்தேன். அப்புறம் சொந்தக்காரங்க வீட்டுக்கே போக முடியல. வாடியம்மா, எளச்சுட்டியேன்னு சித்தி சிரிச்சுக்கிட்டே கதவத் தொறக்கறாங்க, என் வாய் சும்மா இருக்குதா, ஒப்புக்கு, ரெண்டு மார்க்னு சொல்லிடுச்சு. சித்தி எங்க வீட்டுப் பக்கம் வந்து ஒரு வருஷம் ஆவுது.

ஃபோன் பண்ணலாம், பண்ணு. சிக்னல் இருக்கு. ஆனா யாருக்குப் பண்ணுவ? லேப் ஃபோன எடுக்கறவரு எங்க சீனியரு. ஸ்டாப்வாட்ச்சுன்னுதான் கூப்பிடுவோம், கழுத்துலயே தொங்கும். நீ ஹலோன்னு சொன்னதும் மொதல்ல நேரத்தக் குறிப்பாரு. மாட்டின பொண்ணு, ஆறாவது நிமிஷம் பொறுமை இழந்தாள்னு. எழுதி வெச்சுட்டா அவ்வளவுதான், அழிக்க மாட்டாரு. டேட்டாவ அழிக்கறது பாவம்னு நெனைக்கற மனுஷன்.

போன மழைக் காலத்துல டீ ரூம்ல கெட்டில் எரிஞ்சு, லேப் முழுக்கப் பொகை. நெஜப் பொகை. ஒம்பது அசிஸ்டன்ட் இருந்தோம். ஒருத்தர் எந்திரிக்கணுமே? யாரு மொதல்ல எந்திரிக்கறாங்கன்னு பாக்கத்தான் பொகை விட்டிருக்காங்கன்னு ஒம்பது பேருக்கும் நெனப்பு. பத்து பன்னெண்டுக்குப் பொகை ஆரம்பம், பத்து பதினஞ்சுக்கு இருமல் ஆரம்பம்னு எழுதிக்கிட்டே உக்காந்திருக்கோம். தீயணைப்புக்காரரு ஜன்னல ஒடச்சுக்கிட்டு உள்ள குதிச்சாரு. ஸ்டாப்வாட்ச் அவருகிட்ட போயி சம்மதப் படிவத்த நீட்டி, இந்த ஆராய்ச்சியில உங்க விருப்பத்தோட கலந்துக்கறீங்களான்னு கேட்டாரு. அவரும் பாவம், ஹெல்மெட்டக் கழட்டாம கையெழுத்துப் போட்டுட்டுத்தான் தீய அணைச்சாரு.

அதான் சொல்றேன். இன்டர்வியூ அன்னிக்கு, இன்டர்வியூ நேரத்துல, அதே மாடிக்குக் கீழ லிஃப்ட் நிக்குதுன்னா நீயே யோசிச்சுக்கோ. நான் எதுவும் சொல்லல. சொல்லவும் கூடாது.

கேமராவா? எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. நீ எதுக்கும் முடிய ஒதுக்கிவிட்டுக்கோ.

என்னைய எப்படி எடுத்தாங்கன்னா, அது ஒரு கூத்து. காலைல பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. வந்து பாத்தா புரொஃபசர் ரூம் பூட்டியிருக்கு. தட்டல, யாரையும் கேக்கல. மூடுன கதவப் பாத்துக்கிட்டு ரெண்டே கால் மணி நேரம் நிமிந்து உக்காந்திருந்தேன். பன்னெண்டே காலுக்குப் புரொஃபசர் வந்தாங்க, என்னைய ஒரு தடவ பாத்தாங்க, நாளைலருந்து வந்துடுன்னாங்க. ஒரு கேள்வி கெடையாது. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அன்னிக்கு அவங்க என்னைய மறந்துட்டுப் பல்லு புடுங்கப் போயிருக்காங்க. மரத்துப்போன வாயோட வேற எதுவும் கேக்க முடியல. ஆனா அப்புறம் அவங்களுக்கே அது புடிச்சுப் போயிருச்சு. அதுலருந்து ஆள் எடுக்கறதுன்னா ஏதாவது ஒண்ணு வெப்பாங்க. ஒரு வருஷம் கால் ஒடஞ்ச நாற்காலி. ஒரு வருஷம் தப்பான ரூம் நம்பர்.

மணி பதினொண்ணு ஆயிடுச்சுதான். பதறாத. பதறிய காரியம் சிதறும்னு சும்மாவா சொன்னாங்க. உன் மார்க் ஷீட்டக் காட்டு, நேரம் போவும். அடேயப்பா, புள்ளியியல்ல தொண்ணூத்தாறா? முன் அனுபவம் வேற இருக்கு, ஆஸ்பத்திரியில கேள்வித்தாள் குடுத்து வாங்கியிருக்க. நல்லா பண்ணியிருக்கம்மா, நெஜமாவே. இந்த ஃபைலோட நீ பதினோரு மணிக்கு லேப்புல போய் நின்னிருந்தா, இன்னொரு பொண்ணுக்கு வாசல்லயே காப்பியக் குடுத்து அனுப்பியிருப்பாங்க.

அந்தப் பொண்ணா? மார்க்கெல்லாம் சுமார்தான். நல்ல பொண்ணு. ஆனா ஒரு எடத்துல நாலு நிமிஷம் உக்கார மாட்டா. போன வருஷமும் இதே வேலைக்கு வந்து, மூணே நிமிஷத்துல அந்த ஒடஞ்ச நாற்காலியத் தூக்கிட்டுப் போயி ஆபீஸ்ல போட்டு, ஆணி இருக்கான்னு கேட்டா. அத்தோட அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சாப்பிடல.

நீ எவ்வளவு அமைதியா உக்காந்திருக்க பாரு. முப்பத்தஞ்சு நிமிஷம். என் கண்ணால இப்படி ஒருத்தியப் பாத்ததில்ல.

இரு, என் ஃபோன். ம். ம். சரி.

எந்திரிம்மா, போலாம். இந்தா, ஃபைல். சாவியா? ஆமா, லிஃப்ட் சாவிதான். புதன்கெழம லிஃப்ட்லயும் ஒரு ஆராய்ச்சி நடக்குது, அதுக்காக என்கிட்ட குடுத்து வெச்சிருக்காங்க. இத இப்படித் திருப்புனா நிக்கும், இப்படித் திருப்புனா போவும். இன்னிக்கு திங்கள்தான். புரொஃபசர் இன்னிக்கு எந்தப் பரிசோதனையும் வெக்கல, பல்லு வலியும் இல்ல, சரியா பதினோரு மணிக்கு உக்காந்து இருந்த ஒரு பொண்ண இன்டர்வியூ பண்ணி எடுத்துட்டாங்க.

அப்படிப் பாக்காதம்மா. நீ கெட்டிக்காரி, உனக்கு பத்து லேப் கெடைக்கும். அவளுக்கு இது ஒண்ணுதான். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். எனக்கு சங்கடமா இல்லைன்னு சொன்னா அது பொய். நீ அக்கா அக்கான்னு கூப்பிடக் கூப்பிட ரெண்டு தடவ சாவியத் தொட்டுப் பாத்தேன். அதுக்காக சாவியத் திருப்பிட முடியுமா?

இதோ, நாலாவது மாடி. கதவு தொறந்ததும் எதுத்தாப்புல செவத்த ஒட்டி நின்னு ஒரு பொண்ணு வேலை கெடச்ச சந்தோஷத்துல அழுதுக்கிட்டு இருப்பா. என் தங்கச்சி. ஒரு வாழ்த்து சொல்லிட்டுப் போயிடேன், பாவம், நேத்துலருந்து ஒண்ணும் சாப்பிடல.