லிஃப்டுக்கு யாரு பயந்தது?

அவங்க: ...படியில நின்னு கத்தாதீங்க. மூணாவது மாடிக்காரங்க கதவத் தொறந்து பாப்பாங்க.

அவர்: பாக்கட்டும்! பாத்துட்டு அவங்களே நியாயம் சொல்லட்டும். பல்லு செட்டு செய்யிற பட்டறைய பெரிய கட்டடத்துக்கு மாத்துறாங்க. இவள அதுக்குப் பொறுப்பா போடுறாங்க. இவ வேணாங்கப் போறாளாம். காரணம் நானாம்!

அவங்க: நீங்கதான். பதினோராவது மாடிங்க அது. நான் சாப்பாட்ட மறந்துட்டுப் போனா யாரு கொண்டு வருவா? லிஃப்டுன்னாலே வெலவெலத்துப் போற ஆளு நீங்க.

அவர்: நான் எப்பம்மா வெலவெலத்தேன்?

அவங்க: போன மாசம் நம்ம லிஃப்ட் பாதியில நின்னுச்சே, மறந்துட்டீங்களா? வெளக்கும் போச்சு. நான் கதவத் தட்டுறேன், கத்துறேன், கூட நின்னவங்களச் சிரிக்க வைக்கிறேன். நீங்க? பூசணிக்காயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு மூலையில... மூச்சு விட்டீங்களான்னே தெரியல.

அவர்: முழு பூசணிக்காய்மா. நல்ல கனம்.

அவங்க: அத சோத்துல மறைக்கப் பாக்காதீங்க. அன்னிலேருந்து படியிலதான ஏறுறீங்க? உங்களத் தனியா விட மனசில்லாம நானும்தான் ஏறுறேன். அஞ்சு மாடி!

அவர்: சரி, இந்தப் படியில உக்காரு. என் தங்கச்சி ஒரு சேதி சொன்னா.

அவங்க: எலி வளக்குற எடத்துலேருந்தா?

அவர்: வளக்கலடி, ஆராய்ச்சி. எலிக்கு ஒரு சத்தம் போட்டுக் காட்டுவாங்க. உடனே கால்ல லேசா ஷாக் குடுப்பாங்க. அப்புறம் வெறும் சத்தம் கேட்டாலே எலி பயந்துரும்.

அவங்க: ஐயோ பாவம். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தங்கச்சி கொரலக் கேட்டாலே எனக்கும் அப்படித்தான் ஷாக் அடிக்கும்.

அவர்: குறுக்க பேசாத. பயந்துச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? அசையாம ஒறைஞ்சு நிக்குதான்னு பாப்பாங்க. நின்னா பயம். நிக்கலன்னா பயமில்ல.

அவங்க: நீங்க முதல் மார்க்கு வாங்கியிருப்பீங்க.

அவர்: கேளேன்! ரொம்ப நாளு ஆண் எலிய மட்டுமே வச்சுப் பாத்திருக்காங்க. அப்புறம் பொண்ணு எலியையும் விட்டா... அந்த அளவுக்கு ஒறையல. சரி, இதுங்களுக்கு பயம் ஒட்டல போலன்னு நெனச்சுட்டாங்க.

அவங்க: சரியாத்தான நெனச்சிருக்காங்க. பொம்பளன்னா தைரியம்.

அவர்: தப்பு! அதுல சிலது, சத்தம் கேட்டதும் விருட்டுனு அங்கயும் இங்கயும் ஓடியிருக்கு. அதுவும் பயம்தான். எல்லாரும் நிக்கிறதையே பாத்துட்டிருந்ததால ஓடுறத யாரும் கணக்குலயே எடுக்கல.

அவங்க: இப்ப என்னைய எலிங்கறீங்களா?

அவர்: சே சே. எலி வேற, மனுஷங்க வேற, வீட்ல போயி ஒளறி வைக்காத அண்ணேன்னு அவளே சொன்னா.

அவங்க: அப்படியே கேட்டு நடந்துருக்கீங்க.

அவர்: மனுஷங்கள்லயும்... ஒரு அதிர்ச்சி உள்ளுக்குள்ளயே தங்கிப்போற நோவு பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு பங்கு வருதாம். ஏன்னு இன்னும் முழுசா தெரியலயாம். பட்ட கஷ்டமும் ஒரு காரணங்கறாங்க, ஒடம்புல சுரக்குறதும் ஒரு காரணங்கறாங்க. மூளைக்குள்ள பாதாம் பருப்பு மாதிரி ஒரு துண்டு இருக்காம். பயத்துக்கு மணி அடிக்கிறதுல அதுக்குப் பங்கு உண்டாம்.

அவங்க: உங்களுக்குப் பருப்ப எடுத்துட்டு தோலை மட்டும் வச்சு அனுப்பிட்டாங்க போல.

அவர்: இரு, சிரிச்சுட்டே நழுவாத. அன்னிக்கு வெளிய வந்ததும் நீ என்ன பண்ண?

அவங்க: என்ன பண்ணேன்? வீட்டுக்கு வந்தேன்.

அவர்: வந்து அலமாரிய மொத்தமா கவுத்துப் போட்டு அடுக்கின. திரைச்சீலையெல்லாம் தொவச்ச. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவின. இன்னிக்கு வரைக்கும் ஒரு எடத்துல உக்காரல. நான் மரமா நின்னேன், எல்லாரும் பயந்தாங்கொள்ளின்னாங்க. நீ ஓடிக்கிட்டே இருக்க, சிங்கம்னாங்க. நானும் சேந்துதான் சொன்னேன்.

அவங்க: வீடு சுத்தமாச்சுல்ல.

அவர்: ஆச்சு. லிஃப்ட் கதவு தொறக்குற சத்தத்துக்கு இப்பக்கூட என் முழங்கைய நீ புடிச்ச பாரு, நகம் பதிஞ்சிருக்கு.

அவங்க: ...சும்மா இருங்க.

அவர்: சரி, சும்மா இருக்கேன்.

அவங்க: ...உள்ள கால வைக்கவே முடியலங்க. ஒரு நாள் முயற்சி பண்ணேன். கதவு மூட ஆரம்பிச்சுது... பக்கத்து வீட்டுக்காரரத் தள்ளிட்டு வெளிய ஓடியாந்துட்டேன். அடுப்பு எரியுதுன்னு பொய் சொன்னேன்.

அவர்: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

அவங்க: சிங்கம்னு பேரு வாங்கிட்டு எப்படிச் சொல்றது? அந்த வேலைன்னா எனக்கு உசுருங்க. ஒவ்வொரு வாய்க்கும் பல்ல அளந்து, இழைச்சு... அந்தப் பொறுப்புக்கு எத்தன வருஷமா காத்துருந்தேன்...

அவர்: அப்ப ஃபோனப் போடு. இன்னிக்குப் பட்டறைய மூடறதுக்குள்ள பதில் சொல்லணும்ல.

அவங்க: என்னன்னு சொல்ல?

அவர்: உள்ளதச் சொல்லு.

அவங்க: ...ஹலோ, மொதலாளியம்மா, நான்தான்... ஆமாம்மா, வர்றேன். ஆனா ஒண்ணு. லிஃப்ட்ல போக எனக்குக் கொஞ்சம்... இல்ல, நெறையவே பயம். யார்கிட்டயாவது காட்டிச் சரி பண்ணிக்குறேன். அதுவரைக்கும் படியிலதான் வருவேன், முன்ன பின்ன ஆகும்... என்னது? நீங்களுமா? ...சரிம்மா, சரி. வச்சிர்றேன்.

அவர்: என்னவாம்?

அவங்க: அவங்களுக்குப் பல்லின்னா பயமாம். பொறுப்பு எனக்குத்தானாம்! இங்க பாருங்க, தெனம் காலையில நீங்களும் கூட ஏறி என்னக் கொண்டுபோயி விடணும்.

அவர்: பதினோரு மாடியா!

அவங்க: வேற வழி? உங்களுக்கும்தான லிஃப்ட் ஆகாது.

அவர்: அது வந்து...

அவங்க: எது வந்து?

அவர்: நீ வேலைக்குக் கெளம்பினதும் நான் லிஃப்ட்லதான் போயிட்டு வர்றேன். ஒரு வாரம் நெஞ்சு அடிச்சுது, அப்புறம் போயிருச்சு.

அவங்க: அடப்பாவி மனுஷா! அப்புறம் எதுக்கு எங்கூட தெனம் அஞ்சு மாடி மூச்சு வாங்க ஏறுனீங்க? ஊரே சிரிச்சுதே உங்களப் பாத்து!

அவர்: நீ லிஃப்ட் பக்கமே போகாம நழுவுறத அப்பவே பாத்துட்டேன். நீ தனியா ஏறுனா ஏன்னு கேப்பாங்க. நான் கூட இருந்தா, "இவருக்குத்தான் பயம்"னு நீ சொல்லிக்கலாம்ல.

உங்க வீட்டுல பயம் வந்தா யாரு ஓடுவாங்க, யாரு ஒறைஞ்சு நிப்பாங்க? இதுவரைக்கும் அத பயம்னே நெனைக்காம இருந்திருந்தாலும் பரவாயில்ல, கீழ எழுதுங்க. எல்லாத்தையும் படிக்கிறேன்.