மீதி ஆறு பேர் குளிப்பதில்லையா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே, மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காத கோபத்தில் கடைசியில் கைகட்டி நிற்கும் சான்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சில வாரங்களாக உங்கள் வாசல்களில் ஏறி இறங்கியவள். "கக்கூஸ் கணக்குக்காரி வந்துட்டா, கதவைச் சாத்து" என்று நீங்கள் சொன்னது கதவு வழியாக எனக்கும் கேட்டது. போகட்டும்.

புதுப் பொதுக்கிணறு வேண்டும் என்றீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வெட்டலாம் என்றீர்கள். வெட்டலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. அதற்கு நான் கேட்டது பொன்னா? பொருளா? உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்ற ஒரே கேள்வி! ஆள் எத்தனை, ஆளுக்கு எவ்வளவு நீர், அந்த நீர் கழிவுத் தொட்டி வழியே நைட்ரேட் என்ற உப்பை எவ்வளவு மண்ணுக்குள் இறக்குகிறது: இவ்வளவுதான் கணக்கு. மண் நாற்றத்தைத் தடுக்கும், அழுக்கைத் தடுக்கும். நைட்ரேட்டைத் தடுக்காது. அது கண்ணுக்குத் தெரியாமல், மூக்குக்குத் தெரியாமல், நாக்குக்குத் தெரியாமல் நீரோடு கரைந்து கிணற்றுக்குப் போய்விடும்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? போன மாதம் கிணறுகள் பாதி வற்றித் தண்ணீர் லாரி வந்தது. மூலை வீட்டில் அன்று, "ஒன்பது பேருக்கு ரெண்டு குடம் எப்படிங்க பத்தும்?" என்று ஒரே சண்டை. நான் போனேன். அதே வீடு, அதே வாய், "நாங்க மூணே பேரும்மா" என்றது. மீதி ஆறு பேர் எங்கே? அவர்கள் குளிப்பதில்லையா? துவைப்பதில்லையா? அப்படியானால் கொல்லைக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் யாருடையது? ஆளைக் கூட்டிச் சொன்னால் பெரிய தொட்டி கட்டச் சொல்வார்கள் என்ற பயம். தண்ணீர் வாங்க ஒரு கணக்கு, வெளியே விட ஒரு கணக்கு!

சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். மூலை வீடு யாருடையது என்றா கேட்கிறீர்கள், ஐயா? தலைவர் ஏன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார் என்று அவரையே கேளுங்கள். என்ன தலைவரே? "வீட்டு விஷயத்தை மேடையில பேசலாமாம்மா?" என்கிறீர்களா? உங்கள் தொட்டி நீர் வேலியைத் தாண்டாத வரைக்கும் அது வீட்டு விஷயம். தாண்டிவிட்டால் ஊர் விஷயம்.

அந்த வீட்டு மருமகள் சொல்லச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். அவளுக்கு நாலு மாதக் குழந்தை. வீட்டுக் கிணற்று நீரில் பால்பொடி கரைத்துக் கொடுத்து வந்தாள். ஒரு காலையில் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அள்ளிக்கொண்டு ஓடினாள். "தண்ணியைக் காய்ச்சினியாம்மா?" என்றார் மருத்துவர். "பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சினேன் டாக்டர்" என்று அழுதாள். கொதித்தால் கிருமி சாகும், தாயே. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் காற்றுச் சேராமல் தடுத்து உதட்டை நீலமாக்கும் நைட்ரேட் சாகாது. சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும் என்று அடுப்படியில் நிற்கும் யாருக்குத் தெரியாது? அதைப்போலத்தான் இதுவும். பிள்ளையைக் காப்பாற்ற நினைத்து, பாவம், அவள் நஞ்சைத்தான் சுண்டக் காய்ச்சினாள்.

நல்லவேளை, குழந்தை பிழைத்தது. நான் அந்தக் கிணற்று நீரை எடுத்துச் சோதித்தேன். நீங்கள் சொன்ன ஆள் கணக்கைப் போட்டால் அது நல்ல கிணறு. சோதனைக் குழாயில் பார்த்தால் குழந்தைக்கு ஆகாத கிணறு. எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? இதே கணக்கை நம்பி, எல்லாத் தொட்டியும் வடிகிற பள்ளத்தில் கிணறு வெட்டி, பள்ளிப் பிள்ளைகள் பருகும் நீரை அதிலிருந்தா இறைக்கச் சொல்கிறீர்கள்? மாட்டேன். என் கையெழுத்து விழாது.

கணக்கை இங்கேயே எடுப்போம். வீடு வீடாக எழுந்து நில்லுங்கள். முதலில் மூலை வீடு.

யாரும் எழவில்லையா? இதோ, அந்த மருமகள் எழுந்துவிட்டாள், இடுப்பில் பிள்ளையோடு. சொல்லும்மா, எத்தனை?

"ஒன்பதுங்க. இவனையும் சேர்த்து ஒன்பது. லாரித் தண்ணிக்கு இவனையும் எண்ணினாங்க, உங்க கணக்குக்குத்தான் இவனைச் சொல்லவே இல்ல."

கேட்டீர்களா? "பச்சைப்புள்ள என்ன தண்ணியவா செலவழிக்குது?" என்று அந்த வீடு விட்டுவிட்ட தலை அது. நாம் எண்ணாமல் விட்டவனைத் தண்ணீர்தான் முதலில் எண்ணியது.

தலைவரும் எழுந்துவிட்டார். பேரனை வாங்கிக்கொள்கிறார். "எழுதிக்கம்மா, ஒன்பது" என்கிறார். எழுதிவிட்டேன், ஐயா.

எழுந்து நிற்பவர்களுக்கு என் நன்றி. இன்னும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் வணக்கம். நாளைக் காலை உங்கள் வாசலுக்கு வருவேன். கதவைச் சாத்தாதீர்கள்.