வீட்டு மாத்திரையும் ஆஸ்பத்திரி மாத்திரையும்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய அக்காளும் தம்பியும் பேருந்தில் என் முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நைனா ஏங்கா நின்னா தள்ளாடுறாரு?”

“ஆஸ்பத்திரி பிரஷர் மாத்திரை பத்தாதுன்னு வூட்டு மாத்திரையும் சேத்துக் குடுத்துட்டேன்டா.”

“நர்ஸம்மாக்குத் தெரியுமா?”

“சொன்னா கத்தும்.”

“இப்ப அவரு கூட யாரு கீறா?”

“யாருமில்ல, தூங்குறாரு. ஒண்ணுக்கு வந்தா அவரே எழுந்து போவாரு. ரோஷக்காரராச்சே!”

இருவரும் சிரித்தார்கள். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன் நான். பிரஷர் மருந்து இரண்டு மடங்கு போனால், அவர்கள் அப்பா எழுந்த வேகத்தில் தலை சுற்றி விழுவார் என்று தெரியும்.

திருக்கழுக்குன்றத்தில் எஸ்.டி.டி. பூத் வாசலிலேயே பேருந்து நின்றது. வார்டுக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் வம்பு எதற்கென்று வாயை மூடிக்கொண்டேன்.