அரட்டைத் திரையில் ஓர் ஐசி

வாசகப் பெருமக்களே, நடுவர் இல்லாத இவ்வழக்குக்கு நீங்களே சாட்சி. மலேசியாவின் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்லும் பேருந்தில், தொழிற்சாலைச் சீருடையணிந்த இரு பெண்கள் பட்டிமன்றம் பேசப் போன என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

"இன்டர்நெட்டுல கூட ஐசி கேக்குறாங்க லா," என்றாள் ஒருத்தி. அடையாள அட்டையைத்தான் சொன்னாள்.

"யாருடி கேட்டா, செல்வி?" என்றாள் தோழி.

"சேட் பண்றேனே, அம்பாங் ஆளு. கல்யாணம் வரைக்கும் பேசிட்டாரு. கேரி தீவு எஸ்டேட்டுல, வீட்டுலயே பொறந்தேன்னு டைப் பண்ணேன். உடனே 'ஐசி'ன்னு ரெண்டே இங்கிலீஷ் எழுத்து அடிச்சாரு. எழுந்து வந்துட்டேன். அப்புறம் அந்த சைபர் கஃபே பக்கமே போகல."

தோழி வாய்விட்டுச் சிரித்தாள். "அட மக்கு! அது 'ஐ சீ'. அப்படியான்னு அர்த்தம். சேட்டுல எல்லாரும் சுருக்கி அப்படித்தான் அடிப்பாங்க. நாளைக்கே போயிப் பேசு லா."

செல்வி சிரிக்கவில்லை.

"பேசி? கல்யாணத்தப் பதியப் போனா நெஜ ஐசி கேப்பாங்களே. நான் பொறந்ததையே யாரும் பதியல. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சே எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. அவரு இப்பவே என்னை மறந்துட்டா நல்லதுடி."

தோழி செல்வியின் கையைப் பற்றிக்கொண்டாள். எதிருரைக்கவே பயின்ற நான் மேடைக் குறிப்பேட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டேன்.

அவர்கள் இறங்கிச் சென்றபின், பயணிகள் திரும்பிப் பார்க்க, நான் உரக்கச் சொன்னேன்:

"அந்தப் பெண்ணின் கைக்கு ஓர் அட்டை வந்து சேரும்வரை, நான் ஏறும் மேடை ஒவ்வொன்றிலும் அவள் வழக்கையே முதலில் பேசுவேன்."