நேற்றைய பிரதி

ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே பகுதியாக வைத்திருப்பது நல்லதல்ல, டொக்டர். கண்டியில் நான் படிப்பிக்கும் கணினி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். விண்டோஸ் ஒரு பகுதியில் இருக்க வேண்டும், நம்முடைய வேலைகள் வேறொரு பகுதியில். விண்டோஸ் பழுதானாலும் வேலை தப்பிவிடும். அதற்கும் மேல், எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வேண்டும்.

அப்பாவின் கணினியையும் அப்படித்தான் ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். சி-யில் விண்டோஸ், டி-யில் அவருடைய புத்தகம். மூன்றாவது பகுதியில் அந்தப் புத்தகத்தின் பிரதி. அந்தப் பகுதிக்கு மட்டும் சி, டி போல எழுத்துக் கொடுக்கவில்லை. எழுத்தில்லாத பகுதி திரையில் தெரியாது. அப்பா தவறுதலாக எதையாவது அழித்துவிடக் கூடாது என்ற கவலையில் செய்தது அது. அன்றைக்கு வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

உங்கள் பரிசோதனை சொல்வது சரி. அப்பாவின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அப்பா ஆசிரியராக இருந்தவர். எழுபதுகளில் அந்தத் தோட்டத்திலிருந்து இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றித்தான் புத்தகம். அவர் படிப்பித்த பிள்ளைகள் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள். திருச்சி, கூடலூர், கொடைக்கானல் என்று ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, வட்ஸ்அப்பில் பேசி, கேட்டதைக் கணினியில் எழுதுவார். கை நடுங்குவதால் பேனா பிடிக்க முடியாது. தமிழில் தட்டச்சு செய்ய நான்தான் பழக்கினேன். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்துவார். ஒரு பக்கம் முடிந்தால் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். தலைமன்னாரில் கப்பலேறும்போது தன் நாயைத் தேடி அழுத ஒரு பிள்ளையைப் பற்றி, அந்தத் தோட்டத்துச் சுப்பம்மா சொன்னதை அப்பா எனக்குச் சொன்ன அன்று, இருவருமே சாப்பிடவில்லை. சந்தோஷமான காலம் அது.

பிறகு மெல்பேர்னிலிருந்து தங்கை தர்ஷிகா பேசினாள். அப்பாவை அங்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாளாம். அப்பா இராச்சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"புத்தகம் முடிஞ்சதும் நான் தங்கச்சிக்கிட்ட போயிடுறேன், அனுஷியா. நீயும் எவ்வளவு காலத்துக்குத்தான் என்னையக் கட்டிக்கிட்டு கிடப்ப? இனியாவது ஒன் வாழ்க்கையப் பாரு."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். கம்பளையில் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். அப்பாவைத் தனியே விட முடியாது என்று நானே வேண்டாமென்றேன். அதை அப்பா தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது தியாகமல்ல, தெரிவு. இதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

மாலையில் அப்பா ஆற்றங்கரையோரம் நடக்கப் போவார். ஒரு நாள் அந்த நேரத்தில் மூன்றாவது பகுதியைத் திறந்து, நேற்றைய பிரதியை எடுத்து, இன்றைய கோப்பின் மேல் போட்டேன். இன்று எழுதியது போய்விட்டது. அவ்வளவுதான். நானே கேட்டு அழுத சுப்பம்மா வீட்டுக் கதைதான் முதலில் போனது.

மறுநாள் காலையில் பக்கங்களை மேலும் கீழும் உருட்டித் தேடினார்.

"புள்ள, சுப்பம்மா வீட்டுக் கதைய நேத்து எழுதினேனே. காணலியே?"

"எழுதணும்னு சொன்னீங்கப்பா. எழுதலையே."

"ஒனக்கு வாசிச்சுக் காட்டினேனே?"

"சொன்னீங்க. வாசிக்கல."

என்னைப் பார்த்தார். நான் கறிக்கு முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மறுபடியும் எழுதத் தொடங்கினார். அதையும் எடுத்தேன். இரண்டாம் முறை எழுதியது முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. மூன்றாம் முறை நாய் இல்லை, கப்பல் இல்லை. சுப்பம்மாவின் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன.

எல்லா நாளும் செய்யவில்லை. சில பக்கங்களை விட்டுவைப்பேன். சில நேரம் ஒரே பந்தியை, அதே வரிகளோடு, இரண்டு இடத்தில் ஒட்டிவைப்பேன். அதை அவரே கண்டுபிடித்து வெட்கப்படுவார். மூக்குக்கண்ணாடியை ஒளிப்பது, கேஸ் அடுப்பைத் திறந்துவிடுவது போன்ற எதையும் நான் செய்யவில்லை. அப்பாவுக்கு ஆபத்து வரக்கூடிய எதையும் என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

சுப்பம்மா திருச்சியில் மகன் வீட்டில் இருந்தார். அப்பா மறுபடி அழைத்து அதே கேள்விகளைக் கேட்டார். மூன்றாவது தடவை ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"வாத்தியாரய்யா, இதெல்லாம் போன வாரமே சொன்னேனுங்களே. ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அப்பா மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டித்தார். அதன்பிறகு யாருக்கும் பேசவில்லை. தர்ஷிகாவுடன் பேசும்போதும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் சொல்லுமுன், "சரிதானே புள்ள?" என்று கேட்டுக்கொண்டார். பல் துலக்கியாயிற்றா என்றுகூடக் கேட்டார். நான் சரியாகத்தான் பதில் சொன்னேன். அந்த மாதிரி விஷயங்களில் பொய் சொன்னதில்லை.

தர்ஷிகா அழுதாள். இந்த நிலையில் பயணம் வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். நானாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினால் அப்பாவுக்குப் பழையபடி தெளிவு வந்துவிடுமே.

சென்ற மாதம் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இத அழிச்சிரு, புள்ள. தெறந்தாலே பயமா இருக்கு. எது நான் எழுதினது, எது நெனச்சதுன்னு வெளங்கல. தப்பும் தவறுமா ஒருத்தர் குடும்பத்தப் பத்தி எழுதிட்டுப் போகக்கூடாது."

"யோசிச்சு செய்ங்கப்பா."

"யோசிக்கத்தானே முடியல."

டி-யை ஃபோமட் செய்து முழுவதும் அழிக்கும் இடம்வரை கொண்டுவந்து வைத்தேன். உறுதியா என்று கணினி கேட்டது. அப்பாவின் விரலை நான் பிடித்து அழுத்தவில்லை. தானாகவே நீட்டி அழுத்தினார். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அம்மா போன அன்றுகூட அவர் என்னிடம் அப்படி வந்ததில்லை.

பிரதி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருந்தது. முதல் நாளிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு பக்கமும், நான் எடுத்தவை உட்பட, மூன்றாவது பகுதியில் பத்திரமாக இருந்தன. பிரதியை அழிக்கக் கூடாதென்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். ஆனால் அப்பாவே வேண்டாமென்ற ஒன்றை நான் வைத்திருப்பது எப்படி? அவர் நித்திரையான பிறகு, மீட்க முடியாதபடி அதையும் துடைத்தேன். சுப்பம்மா இந்தத் தைப்பொங்கலுக்கு முன்பே இறந்துவிட்டாராம். அப்பாவிடம் சொல்லவில்லை. தாங்கமாட்டார்.

நீங்கள் அவரிடம் உண்மையைச் சொல்லலாம், டொக்டர். நான் தடுக்கமாட்டேன். பொலிசுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள். வெளியே கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிடுகிறேன். ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை, எல்லாவற்றையும் மகள்தான் செய்தாள் என்று சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "டொக்டரம்மா என்ன சொல்றாங்க, புள்ள?" என்பார். நான் தலையசைத்தால்தான் நம்புவார்.

என்னை அவரிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். அவருக்கு என்னை விட்டால் வேறு யாருமில்லை.